இடமில்லை என்றவள்

பிப்ரவரி மழையில் பக்தேதாவின் தெரு
களிமண்ணாய் ஒட்டுகிறது செருப்பில்.
நினிவே இங்கிருந்து அரைமணிப் பயணம்,
நடுவில் இரண்டு சோதனைச் சாவடிகள்.
மீன் வயிற்றிலிருந்து வந்தவன் பேச்சைக் கேட்டு
அந்த ஊர் ராஜா சாம்பலில் உட்கார்ந்தானாம்,
ஆடுமாடுகளுக்கும் தண்ணீர் காட்டவில்லையாம்.
அதற்காகத்தான் வருஷந்தோறும் மூன்று நாள்
நாங்கள் வாயைக் கட்டுகிறோம்.

திங்கள் ஒன்றுமில்லை. தேநீருக்குப் பழகிய தலை
கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.
செவ்வாய் நாக்கு மரக்கட்டை.
கோவிலில் குருவானவர் சுரியானியில்
முழங்காலிடச் சொல்கிறார், எழச் சொல்கிறார், மறுபடி முழங்கால்.
எல்லார் பாவத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் ஜெபம்.
அந்தக் கூட்டத்தில் என்னுடையது
சுலபமாக ஒளிந்துகொள்கிறது.

வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமுகிறது.
வெள்ளை நிறம். இடப்பக்கம் ஒரு நசுங்கல்,
கயிறு இறுக்கிய இடம்.

அந்த ஆகஸ்ட் இரவு
மணியடித்து ஊரே கிளம்பியபோது
பிக்கப்பின் பின்பலகையைத் திறந்தபடி பெஹ்னாம் கேட்டான்:
"ஷ்மூனியைக் கூப்பிடவா? சர்க்கரைக்காரி, கால் சரியில்லையே."
நான் சொன்னேன்: "இடமில்லை."
அதற்கு இன்னும் நாலு தவணை பாக்கி இருந்தது.
போர்வை சுற்றி,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல் படுக்கவைத்தோம்.
அவள் வாசலைக் கடக்கும்போது
விளக்கை அணைக்கச் சொன்னதும் நான்தான்.
சாலை முழுக்க நடக்கிறவர்கள்.
எங்களோடு ஒரு தட்டு முட்டைகூட வந்தது.
எர்பில் போய்ப் பார்த்தால்
ஒன்றும் உடையவில்லை.

ஷ்மூனி நடந்தாள். விடிந்த பிறகும் நடந்தாள்.
வலது பாதத்தில் இரண்டு விரல்களைப்
பிறகு எடுத்துவிட்டார்கள்.
மூன்று வருஷம் கழித்து நாங்கள் ஊர் திரும்பினோம்,
அவளும் திரும்பினாள், கைத்தடியோடு.
காலையில் "ஷ்லாமா" என்கிறாள். நானும் என்கிறேன்.
ஈஸ்டருக்குப் பேரீச்சம்பழம் வைத்த குலேச்சா கொடுத்தனுப்புகிறாள்.
அவள் மாவில் எப்போதும் சோம்பு கூடுதல்.

இந்த மூன்று நாளும்
பசியைக் கொண்டுபோய்க் கடவுளிடம் கொடுக்கிறேன்.
ஒரு வீட்டில் வாங்கிய கடனை
அடுத்த வீட்டில் போய் அடைக்கிற மாதிரி இருக்கிறது.

புதன் ராத்திரி, வறுத்த ஏழு தானிய மாவை
உப்பிட்டுத் தின்று, தண்ணீர் குடிக்காமல் படுக்கும் இளசுகள்.
கனவில் தண்ணீர் தருகிறவனே மாப்பிள்ளை.
என் மகள் சிரித்துக்கொண்டே
ஒரு சிட்டிகை என் வாயிலும் போட்டாள்.
ஐம்பத்திரண்டு வயதில் எனக்கென்ன கனவு.
தூக்கமே வரவில்லை.
நாக்கில் உப்பு. தெருவில் மழை.
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

செருப்பு இருட்டில் அகப்படவில்லை.
வெறுங்காலோடு தெருவைக் கடந்தேன்.
தட்டியதும் உள்ளே கைத்தடிச் சத்தம்.
ஒரு அறையைக் கடக்க
எவ்வளவு நேரம் ஆகிறது அவளுக்கு.
போய்விடலாம், இன்னும் போய்விடலாம்.
கதவு திறந்தது. வார்த்தை இருந்தது, நாக்கு புரளவில்லை.
"அன்றைக்கு இடம்..." என்றேன்.

அவள் என் சேற்றுக்காலைப் பார்த்தாள்.
"தெரியும். பின்னால் வந்த வண்டி வெளிச்சத்தில்
நீ குனிந்துகொண்டாய்."

வா என்று சொல்லவில்லை.
கதவைச் சாத்தவும் இல்லை.
சாரல் அவள் வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.