மிதக்கிற கல்

பாகலூர் ரோட்டில் அந்த லாரி நின்றபோது
பேக்கரி வண்டி வழி தவறி வந்துவிட்டதென்று நினைத்தேன்.
அவ்வளவு வெள்ளை.
"வெயிட்டே இல்லம்மா" என்றார் திம்மராயன் மேஸ்திரி,
ஒரு கல்லை ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டி,
ஏதோ அவரே பெற்றதுபோல.

நேற்றுவரை நாலு இஞ்ச் சாலிட் கல்,
பதினெட்டுக் கிலோ.
நடைக்கு ஒன்று, படி முப்பத்தாறு.
சூளகிரி கிரஷர் தூசி
சும்மாட்டைத் தாண்டி முடிக்குள் இறங்கினால்
ஞாயிற்றுக்கிழமைச் சீயக்காய்க்கும் அசையாது.

இது ஏழரைக் கிலோ. நீளமும் அதிகம்.
கலவை வேண்டாம், பசை போதும்,
தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற மாதிரி.
மணல் சலிக்க ஆள் வேண்டாம்.
சுவருக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டாம்.
கணக்கு அங்கேயே முடிந்தது:
அஞ்சு சித்தாளில் மூணு போதும்.

எந்த ரெண்டு என்று அவர் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
டீ ஆறி ஆடை கட்டியது.
லகுமம்மா எழுந்துபோய்
ஒரு கல்லை டிரம் தண்ணீரில் போட்டாள்.
மிதந்தது.

கருங்கல் ஜில்லாக்காரி நான்.
எங்கள் ஊரில் வேலிக்கே கல்லை நட்டிருக்கிறார்கள்,
மாடு உரசி உரசிக் கருத்த கல்கூசம்.
கல் மிதந்து பார்த்ததில்லை.
மேஸ்திரியும் பார்த்ததில்லை போல;
விரலைச் சுடும்வரை பீடியை மறந்து நின்றார்.

சாயங்காலம் கை கழுவப் போனபோது
ரெண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.
குடிக்கிறது.

வேப்பனப்பள்ளி பஸ்ஸில் கடைசி சீட்டு.
நானும் சாக்கம்மாவும்.
அந்த ரெண்டு நாங்கள்தான்.
தலையில் ஒன்றுமில்லை,
கழுத்து மட்டும் அசையாமல்
எதையோ சிந்தாமல் கொண்டுபோனது.

பதினாறாம் நாள் போன்.
நாளைக்குத் தளம்.
சந்து குறுகல், ரெடிமிக்ஸ் லாரி நுழையாதாம்.
முக்கால் ஜல்லி குவிந்து கிடக்கிறதாம்,
எம்-சாண்ட் ஒன்றரை லோடு,
சிமெண்ட் எண்பது மூட்டை, வானம் வேறு மூட்டம்.
"ஜல்லியில எடை இல்லாத ரகம்
இன்னும் வரலியா மேஸ்திரி?"
அவர் சிரிக்கவில்லை.

அஞ்சு பேரும் வருவோம் என்றேன்.
ஆளுக்கு நூறு கூட.
பூச்சு முடியும்வரை அஞ்சு பேரும்.

யோசிக்கிறேன் என்றார்.
போனை வைக்க மறந்துவிட்டார்.
பின்னால் மிக்சரைச் சுற்றவிட்டுப் பார்க்கிறார்கள்,
காலியாக,
வயிற்றுக்குள் ஒரே ஒரு ஜல்லி உருள்கிற சத்தம்.