விளக்கு எண் பதினொன்று

கொல்லைப்புறம் இல்லாத ஊரில்
எனக்கு வாய்த்தது இதுதான்:
உட்லண்ட்ஸ், பலமாடிக் கார் நிறுத்துமிடம்,
ஏழாம் தளம், கூரையில்லாத பாதி.
பதினொன்று தாண்டினால் நாலைந்து கார்கள், ஒரு லாரி,
லாரிக்கு அடியில் பூனை,
விடியும்வரை அணைக்கவே அணைக்காத பன்னிரண்டு விளக்குகள்.

துருவ நட்சத்திரம் இங்கே
ஒன்றரைப் பாகை உயரத்தில் கிடக்கிறது.
ஜொகூரின் ஏதோ ஒரு கட்டடத்துக்குப் பின்னால்,
யாரோ துணி காயப்போட்ட பால்கனிக்குப் பின்னால்.
பத்து வருடத்தில் ஒருமுறையும் பார்த்ததில்லை.
அதை நம்பித்தான் அச்சைத் திருப்புகிறேன்.
அச்சு ஏறக்குறையப் படுத்துவிடும்;
முக்காலியின் தெற்குக் காலுக்கு அடியில் ஒரு மைலோ டின்.
மட்டம் பார்க்க வேலையிடத்து ரசமட்டம்
(பகலில் மின்தூக்கி பழுதுபார்க்கிறேன்,
செங்குத்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்).

மே மாதம். வானம் திறந்த மூன்றாவது இரவு.
மண்டாய்க் காட்டுக்கு மேலே ஒமேகா சென்டாரி.
இருப்பதாகக் கைப்பேசி சொல்கிறது.
கண்ணுக்கு ஆரஞ்சு மூட்டம் மட்டும்,
பால் அதிகமாகிப்போன தேநீர்.
முப்பது நொடிக்கு ஒரு படம், மொத்தம் நூற்றிருபது.
லென்ஸுக்குக் காலுறை மாட்டி, உள்ளே சூட்டுப் பை செருகினேன்.
இந்த ஊரில் கண்ணாடிக்கும் வியர்க்கும்.

முதல் பத்துப் படமும் இடப்பக்கம் வெளுப்பு.
விளக்கு எண் பதினொன்று.
கம்பத்தில் எண் ஒட்டியிருக்கிறார்கள்,
குறிப்பிட்டுத் திட்ட வசதி.

கார்க் கதவு திறந்தது.
விமான நிலையச் சவாரிக்கு முன்னால்
இங்கே வந்து சாய்ந்து தூங்குகிற வாடகைக் கார்க்காரர்.
முகம் தெரியும். பெயர் கேட்டதில்லை.
"அடுத்த புளோக் சன்னலையா எடுக்கிறாய்?"
திரையைக் காட்டினேன்.
"இது என்ன, பூசணமா?"
"நட்சத்திரம். ஒரு கோடி இருக்கும்."
வானத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.
மறுபடி வானத்தை,
மீதிச் சில்லறை குறைவாக வாங்கியவர் மாதிரி.

பிறகு காருக்குப் போனார்.
முன்கண்ணாடிக்கு வைக்கும் வெயில் மறைப்பு,
வெள்ளித்தாள் பூசியது, ஓரத்தில் ஒரு வங்கியின் பெயர்,
அதை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.
லென்ஸின் மேல் நிழல் விழுந்தது.
பத்து நிமிடம் போதும் என்றேன், மரியாதைக்கு.
முக்கால் மணி நேரம் நின்றார்.
கை மாற்றினார். கொட்டாவி விட்டார்.
எதுவும் கேட்கவில்லை.
சவாரி வந்ததென்று அவர் சட்டைப்பை இருமுறை கூவியது.
மூன்றாம் முறை எடுத்துப் பார்த்து
"சாங்கி" என்றார்,
மறைப்பை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

முன்விளக்கைப் போடாமலே சரிவுவரை உருட்டிப் போனார்.
வளைவில் மட்டும் ஒரு நொடி பிரேக் விளக்கு.
தொண்ணூற்றேழாம் படம் முழுக்கச் சிவப்பு.
மிச்சத்துக்கு நானே விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவில்,
கேமராவைத் தொடக் கை இல்லாமல்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
ஒரே ஒருமுறை நடந்ததை மென்பொருள் கழித்துவிடும்:
விமானம், செயற்கைக்கோள், குறுக்கே போன வௌவால்.
திரும்பத் திரும்ப வந்தது மட்டும் தங்கும்.
நடுவில் சீனி சிந்தியது போல அது தெரிந்தது.
ஓரத்து விண்மீன்கள் முட்டை வடிவம்;
பார்க்காத துருவம் கொஞ்சம் பிசகிவிட்டது.
தொண்ணூற்றேழை அழிக்கவில்லை.
வட்டில் இடமிருக்கிறது, அவ்வளவுதான்.

படத்துக்குக் கீழே வழக்கமான விவரம் எழுதினேன்.
நூற்றொரு படம், முப்பது நொடி வீதம். உட்லண்ட்ஸ்.
ஈரப்பதம் எண்பத்தெட்டு.
விளக்கு மறைப்பு: பெயர் தெரியவில்லை, சாம்பல் நிற டொயோட்டா.

நான்கு நாளாக மழை.
வெள்ளித்தாள் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது.
இரண்டு இரவு குடையோடு மேலே போய்ப் பார்த்தேன்,
அந்தக் கார் இல்லை.
வெயில் வந்தால் இது இல்லாமல்
இருக்கையில் எப்படி உட்காருவாரோ.