இடது தோள்

"எல் நாலு, எல் அஞ்சு" என்றார் நஸ்ரின் டாக்டர்,
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து.
ரூட் நம்பர் மாதிரி இருந்தது.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
செல்போன் கடைக்கு மேலே மாடி;
படியேறுவதற்குள் இருமுறை நின்றேன்.

வலி காவேரிப்பட்டணத்தில் ஏறும்,
காரிமங்கலத்தில் இறங்காது.
பதினோரு வருஷமாய் என் வண்டியில்
டிக்கெட் எடுக்காத ஒரே ஆள்.

குப்புறப் படுக்கச் சொன்னார்.
முகத்துக்கென்று கட்டிலில் ஓர் ஓட்டை.
அதன் வழியே
மொசைக் தரையில் ஒரு ரூபாய் நாணயம்.
எடுக்கக் கை பரபரத்தது.
"மூச்சை விடுங்க."
விட்டேன்.
இடுப்பில் நெட்டி முறிந்தது.

கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று
அக்கா என் முகத்தை வழித்துத்
தன் நெற்றியோரம் முறித்தாளே,
அதே சத்தம்.

கண்ணாடியில்
சட்டையின் இரண்டு தோளும் ஒரே உயரம்.
யாரோ போலிருந்தது.

"பை எந்தத் தோள்ல?"
"வலது."
"மாத்துங்க. இன்னும் அஞ்சு தடவை வாங்க.
முழுசாப் போயிடும்னு சொல்லமாட்டேன்."

எட்டு நாள் இல்லை.
ஒன்பதாம் நாள் சந்தைக் கூட்டம்.
ஒரு தக்காளிக் கூடைக்குக் கை கொடுத்தேன்,
ஏறிக்கொண்டது.
ஆனால் உள்ளே வந்து உட்காரவில்லை,
பின்படியில் தொற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது பை இடது தோளில்.
சில்லறை என்றதும்
வலக்கை பழைய இடத்துக்குப் போய்க்
காற்றைத் துழாவுகிறது.
"பை தொலைஞ்சிடுச்சா கண்டக்டரே?"
சிரிக்கிறார் காரிமங்கலத்துக்காரர்.
அவருக்கு இன்னும் மூன்று ரூபாய் பாக்கி.