ஸ்டர்ஜனுக்கு ஓர் அழைப்புமணி

கூட்டத்துக்கு முன்னால் முதல் தடவை
பற்றவே இல்லை.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டுலூத்தில், நவம்பர் தொடங்கி,
ராஸ்கோவின் கராஜில் நாங்கள் ஐந்து பேர்
ஒரு மீனுக்கு முதுகெலும்பு பற்றவைத்துக்கொண்டிருந்தோம்.
பதினாறு அடி ஸ்டர்ஜன்.
ஏரியடியில் நூறு வருஷம் கிடக்கிற ஜாதி என்றாள் லெய்னா;
யாரும் சரிபார்க்கவில்லை.
விலாவுக்கு சைக்கிள் சக்கரங்கள்,
வயிற்றுக்கு வாஷிங் மெஷின் உருளை இரண்டு,
மீசைக்கு
பா ஹுவாவின் அப்பா ஓட்டி முடித்த பனிவண்டியின்
பிரேக் கேபிள்.
முதுகில் பதினோரு செதில்,
செதிலுக்கு ஒரு தீமுனை.

கராஜில் ஒரே ஒரு விதி:
முகமூடியை இறக்குமுன் "கண்ணு!" என்று கத்த வேண்டும்.
ராஸ்கோவின் நாய்கூட அந்தச் சத்தத்துக்குச்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை
வாக்குவம் கிளீனரைத் திருப்பி மாட்டி உலை ஊதினோம்.
பியர் டப்பாக்களை உருக்கி
மீனுக்குக் கண் வார்ப்பதாகத் திட்டம்.
அச்சில் எங்கோ ஈரம் இருந்திருக்கிறது.
பொட்டென்று துப்பியது.
என் இடது பூட்ஸில் இப்போதும் ஒரு வெள்ளிப் பொட்டு.
மிச்சத்தில் தேறிய கண் ஒருபக்கம் சப்பை;
அதையே வைத்தோம்.
எங்களை நம்பாதது போலவே பார்த்தது, கடைசிவரை.

பட்டன் டுவைட் கொண்டுவந்தது.
வாசல் மணியின் பட்டன், பித்தளை வளையத்தோடு,
ஓரத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியபடி.
"வீட்டை வித்தாச்சு. இதை மட்டும் கழட்டிக்கிட்டேன்.
வர்றவங்க கதவைத் தட்டிக்கட்டும்."
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.
லெய்னா கம்பியின் தோலை உரித்து
வால்வோடு இணைத்தாள்.
அழுத்தினால் க்ளக். காஸ் இல்லாத வெறும் க்ளக்.
அன்றிரவு ஒரு நாற்பது தடவை அழுத்தியிருப்பான்.
சோதனை என்றான்.

பிப்ரவரி. உறைந்த ஏரி. மைனஸ் இருபத்தெட்டு.
தீயணைப்புத் துறை ஹால்வர்சன் அம்மாள்
நாடா பிடித்து அளந்து
கயிற்றை இன்னும் ஐந்தடி தள்ளிக் கட்டவைத்தார்.
டுவைட் அழுத்தினான்.
க்ளக்.
சிலிண்டருக்குள் புரொபேன் சுருண்டு படுத்திருந்தது,
காஸாக எழுந்துவர மனமில்லாமல்.
அழுத்தமானியின் முள் அசையவில்லை.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
முந்நூறு பேர் வாயிலும் புகை,
நெருப்பைத்தான் காணோம்.

"குளிப்பாட்டணும்," என்றாள் பா ஹுவா.

மீன்பிடி குடிசை ஒன்றிலிருந்து
சாமான் இழுக்கும் பிளாஸ்டிக் தொட்டி வந்தது.
சிலிண்டரை அதில் நிறுத்தினோம்.
முதலில் வெந்நீர். அது போதவில்லை.
பிறகு பிளாஸ்க் பிளாஸ்காகக் காப்பி,
யாரோ ஒருவரின் புதினா டீ,
சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் ஒரு கணம் யோசித்து
காட்டரிசி சூப்பையும் கவிழ்த்தார்.
முள் விழித்தது.
நான்கு. ஏழு.
பன்னிரண்டில் ராஸ்கோ கையை உயர்த்தினான்.

டுவைட் கையுறையைக் கழற்றினான்.
சின்னதாக இரண்டு தடவை,
சாவியை மறந்துவிட்டு வந்த வீட்டுக்காரன்
அழுத்துகிற மாதிரி.

செதில் செதிலாக எழுந்தது.
பனிக்கட்டி எங்கள் காலடியில் முனகியது,
கீழே ஏதோ புரண்டு படுத்ததுபோல.
முகம் சுட்டது, முதுகு விறைத்தது.
யாரோ "யாரு?" என்று கத்தினார்கள்,
மணிக்குப் பதிலாக.
எல்லோரும் சிரித்தார்கள். டுவைட்டும், சற்றுப் பிந்தி.

"ஒன்பதாவது எரியலை," என்றார் ஹால்வர்சன் அம்மாள்
எழுதிக்கொண்டே.

மறுநாள் கராஜில் திறந்து பார்த்தோம்.
ஒன்பதாவது முனையின் துளையில்
பஞ்சுபோல ஒரு சிலந்தி முட்டைப்பை.
எத்தனை வாரமாக எங்களோடு வேலை பார்த்ததோ.
லெய்னா ஊசியால் மெல்ல நெம்பி எடுத்து
காலித் தீப்பெட்டியில் வைத்தாள்.

"உயிர் இருக்கா?"

"ஏப்ரல்ல தெரியும்."