எட்டுக்கு மேல் ஏறக்கூடாது

செங்காங், ஏழாவது மாடி, பதினான்காம் படுக்கை.
குவெக் சூன் ஹுவாட், வயது எழுபத்து மூன்று.
நாற்பது வருடம் ஹவ்காங்கில் இறால் மீ விற்றவர்.
ரத்தத்தில் சோடியம்
நூற்றுப் பன்னிரண்டு.

ஆய்வகத்திலிருந்து எண்ணை இருமுறை சொன்னார்கள்.
இருமுறை திருப்பிச் சொன்னேன். அது விதி.
மூன்றாம் முறை எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.
அது விதியில் இல்லை.

கொதிப்பு என்று உப்பை விட்டாராம்.
நீர் பிரிய ஒரு வெள்ளை மாத்திரை.
வெயிலுக்கு நல்லதென்று மகள் நிரப்பி வைத்த பாட்டில்,
இரண்டு லிட்டர், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று.
யாரும் தப்புச் செய்யவில்லை.
எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் நல்லது செய்து
அவரைக் கரைத்துவிட்டார்கள்.

வார்டு அவருக்குத் தெரியவில்லை, கடை தெரிகிறது.
போர்வையை நாலாய் மடித்து மேசை துடைக்கிறார்.
"மிஸி, எத்தனை கிண்ணம்?"
விரலால் இரண்டு காட்டினேன்.
காரம் தூக்கலாகவா என்றார்.

புறங்கையில் பழைய கொதிசூப்புத் தழும்பு.
அதற்கு ஒரு விரல் மேலே நரம்பு,
தொட்டால் உருண்டு ஓடுகிற வயதான நரம்பு.
தோலை இழுத்துப் பிடித்துச் சாய்வாய் இறங்கினேன்.
ஊசியின் வயிற்றில் ஒரு சிவப்புப் பொட்டு.

மூன்று சதவீத உப்பு நீர்.
நானும் மரிசெலும் பையின் எழுத்தை வாய்விட்டுப் படித்துக்
கையெழுத்துப் போட்டோம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
எத்தனை ஆயிரம் பேருக்கு உப்பிட்ட கை இது,
அளவுக் கரண்டியைத் தொடாத கை.
இப்போது ஓர் இயந்திரம் மில்லியாய் எண்ணி
அதே கைக்குள் விடுகிறது.

மூளை இந்தச் சப்பென்ற நீருக்குப் பழகிவிட்டது.
சட்டென்று உப்பேற்றினால் பேச்சு போகும்,
விழுங்குவது போகும்,
போனது திரும்பாமலும் போகலாம்.
ஒரு நாளைக்கு எட்டு.
எட்டுக்கு மேல் ஏறக்கூடாது.

"சுய்," என்றார். "சுய், சுய்."
அவர் ஹொக்கியனில் எனக்குத் தெரிந்த நான்கு சொற்களில் ஒன்று.
தண்ணீர்.
தாகம் என்றவருக்கு இல்லை என்று சொல்லும் வேலை என்றால்
என் வீட்டில் சோறு போடமாட்டார்கள்.
குவளையைத் திரைக்குப் பின்னால் மறைத்தேன்.
ஈரப்பஞ்சால் உதட்டைத் தொட்டேன்.
பஞ்சைக் கடித்துக்கொண்டார்,
விடவில்லை.

நான்கு மணி.
சிறுநீர்ப் பை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.
மூன்று மணிக்குக் காலி செய்தது நான்தான்.
ஐந்நூறு மில்லி, நிறமே இல்லை,
பிடித்து வைத்த மழை போல.
மாத்திரை நின்றது தெரிந்து
சிறுநீரகம் ஒரே மூச்சில் கடனடைக்கிறது.

பார்க்க நல்ல செய்தி மாதிரிதான் இருக்கும்.
எனக்கு முதுகு சில்லிட்டது.

டாக்டர் ஃபர்ஹானா ஒரு காலில் செருப்பில்லாமல் வந்தார்.
ரத்தம் எடுத்தோம். நூற்று இருபத்தொன்று.
எட்டு மணி நேரத்தில் ஒன்பது.
"உப்பை நிறுத்துங்கள்.
டெக்ஸ்ட்ரோஸ் போடுங்கள்.
சிறுநீரைப் பிடித்து வைக்க ஓர் ஊசி.
அப்புறம், குடிக்கட்டும்."
"வாயாலா?"
"வாயால்தான்."

திரைக்குப் பின்னாலிருந்து குவளையை எடுத்தேன்.
தலைமாட்டை உயர்த்தினேன். முழித்திருந்தார்.
இரு கையாலும் வாங்கினார்.
உடனே குடிக்கவில்லை; நாக்கு நுனியால் தொட்டு,
கண்ணை மூடி,
ஒரு சமையல்காரர் ருசி பார்க்கிற மாதிரி நிறுத்தி,
"உப்பில்லை," என்றார்
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து.
பிறகு கடைசிச் சொட்டு வரை.

வரவுப் பத்தியில் எழுதினேன்:
05.25. தண்ணீர். வாய்வழி. 200.
கீழே குட்டி ரயில் ஆளில்லாமல்
விளக்கோடு வளைந்து போனது.
ஆறு மணிக்கு அடுத்த ரத்தம்.