வேலை நாட்கள்

டுலூத் நகரத்து மேட்டுத் தெருக்களில்
பத்தொன்பது வருடமாகத் தபால் போடுகிறேன்.
உறையைப் பிரிக்க எனக்கு உரிமை கிடையாது,
விரலுக்கோ தெரிந்துவிடும்.
மடித்த ஒற்றைத் தாள் என்றால் மறுப்பு.
நடுவில் வளைந்துகொடுக்காத விறைப்பொன்று தட்டுப்பட்டால்
கார்டு.

வெர்னா ஹோக்லண்டுக்கு ஜனவரியில் வந்தது
ஒற்றைத் தாள்.
பெட்டியருகிலேயே நின்று பிரித்தாள், கையுறையைக் கழற்றாமல்.
"என்னைப் பற்றி அவர்களிடம் ஒரு வரிகூட இல்லையாம், டேல்."

முப்பத்தொரு வருடம்
பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள்.
இந்தத் தெருவில் பாதிப்பேர்
அவள் கரண்டியில் வளர்ந்தவர்கள். நானும்தான்.
வீட்டுக்கடன், கரண்ட், தண்ணீர்
எதற்கும் ஒருநாள் தவணை தப்பியதில்லை.
எல்லாம் ராயின் பெயரில்.
செப்டம்பரில் ராய் போனான்.
அடுத்த வாரம் பெட்ரோல் பங்கில், மழையில்,
அவள் கைப்பையிலிருந்த கார்டும் செத்தது.

அதே ஜனவரி நாளில்
அவள் பெட்டிக்கு இன்னொன்றும் இருந்தது என் கட்டில்.
பளபளக்கும் உறை, பிரிக்காமலே படிக்கலாம்:
'அன்புள்ள ராய், உங்களுக்கு ஒப்புதல் ஏற்கெனவே தயார்.
பதினையாயிரம் டாலர் வரை.'
மளிகைக்கடை விளம்பரத்துக்குள் அதைச் செருகினேன்.
ஒரு தபால்காரனால் முடிந்த திருட்டுத்தனம் அவ்வளவுதான்.

மார்ச் ஆறாம் தேதி
ராச்செஸ்டரில் அவளுக்குக் கண் அறுவை.
கார்டு எண் இல்லாமல் அறை தரமாட்டான் விடுதிக்காரன்.
ரொக்கமாக, இரட்டிப்பாகத் தருகிறேன் என்றாளாம்.
ரொக்கம் என்றதும்தான் அவன் குரல் மாறியதாம்.

பிப்ரவரியில் வங்கிக்கே போய்
முந்நூறு டாலரை முன்பணமாகக் கட்டினாள்.
தன் பணத்தைக் கொடுத்துவிட்டு
தன் பணத்தையே கடன் வாங்கும் ஏற்பாடு.
"ஏழிலிருந்து பத்து வேலை நாட்கள்" என்றானாம்
மேசைக்குப் பின்னாலிருந்த பையன்.

வேலை நாள் என்பது விசித்திரமான பிராணி.
சனி ஞாயிறு அதற்குக் கிடையாது.
ஜனாதிபதிகள் தினம் கிடையாது.
வெர்னாவின் ஹீட்டர் ஞாயிறும் ஓடியது,
அவள் கண்ணில் படரும் பாலாடைக்குச்
சனிக்கிழமை விடுமுறை இல்லை.

நாலாம் நாள் விதைக் கடைப் புத்தகம், ராய்க்கு.
ஆறாம் நாள் பனிப்புயல். வண்டியே எடுக்கவில்லை நாங்கள்.
மறுநாள் போனால்
வீட்டுப் படியிலிருந்து பெட்டிவரை
பனியை வழித்து உப்புப் போட்டு வைத்திருந்தாள்.
எனக்காக என்று சொல்ல ஆசைதான்.

ஒன்பதாம் நாள் வந்தது ரகசிய எண், தனிக் கடிதமாக.
பூட்டு வரவில்லை, சாவி வந்துவிட்டது.
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தாளாம்.
அப்படிச் செய்யாதே என்றேன்.
"திருடன் வரட்டும்,
கார்டு எங்கே என்று அவனையே கேட்கிறேன்."

பதினோராம் நாள்.
வெள்ளை உறை, வங்கியின் பெயர்கூட இல்லை.
குப்பை என்று வீசிவிடுவாள்.
பெட்டியில் போடாமல் படியேறி மணி அடித்தேன்.
வாங்கியவள் பிரிக்கவில்லை.
கேக் வெந்ததா என்று பார்ப்பவள் போல
நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள்.

இன்னும் நாற்பது வீடு பாக்கி.
பக்கத்து வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.
ஜன்னலுக்குள் காதில் போன்,
கார்டை மூக்கருகே பிடித்து
ஒவ்வோர் எண்ணாக வாசித்துக்கொண்டிருந்தாள்.
நடுவில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து.

மறுநாள் அவள் பெட்டியின் சிவப்புக் கொடி நிமிர்ந்திருந்தது.
உள்ளே ரப்பர் போட்ட ஒரு கட்டு:
ஐந்து மாதத்து 'அன்புள்ள ராய்'கள்.
நான் ஒளித்ததும் இருந்தது.
மேலே, பள்ளிக்கூடக் கரும்பலகையில்
அன்றைய சாப்பாட்டை எழுதும் அதே பெரிய எழுத்தில்:
'இறந்துவிட்டார். அனுப்பியவருக்கே.'

அந்த ரகத் தபாலைத் திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை,
போய்ச் சேருமிடம் குப்பைதான்.
எடுத்துக்கொண்டேன்.
கொடியை இறக்கிவிட்டேன்.