நூற்றெழுபத்து மூன்று

புன்தா அரேனாஸில் காற்றுக்கு
ஞாயிறு விடுமுறை கிடையாது.
எதுவிஹிஸின் இடது நெற்றிப்பொட்டுக்கும்.

முதல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னார்.
பிடுங்கினாள். வலி பல்லில்லாமலே மென்றது.
அடுத்தவர் அவளிடம் பேசவேயில்லை,
கணவனிடம் கேட்டார்:
"வீட்டில் ஏதும் சண்டையா?"
சாந்தியாகோ வரை போனதுதான் மிச்சம்.
விமானம், கடன், ஏழு நிமிடம்;
அதிலும் இரண்டு நிமிடம் அவர் போனில்.

ஈஸ்ட் வாசனை குமட்டுகிறது என்று
ரொட்டிக்கடையில் யாரிடம் சொல்வது?
அதுதானே சம்பளம்.

பிறகு, துறைமுகத்துக்குப் பின்னால்,
மருந்துக்கடை மாடியில்,
யாஸ்னா கோவாசெவிச்.
எழுந்து போய் முதலில் டியூப்லைட்டை அணைத்தார்.
தான் பூசியிருந்த சென்ட்டுக்கு மன்னிப்புக் கேட்டு
ஜன்னலைக் கொஞ்சம் திறந்தார்.
அப்புறம்தான் பெயர்.

மாவு படிந்த நாட்காட்டியை எடுத்து வைத்தாள்.
பதினோரு மாதச் சிவப்பு வட்டங்கள்.
இதுவரை யாரும் கேட்காதவை.

அரையிருட்டில் ஒவ்வொன்றாய்
விரல் வைத்து எண்ணினார், உதடு அசைய.
"நூற்றெழுபத்து மூன்று."
எதுவிஹிஸ் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.
"போக்கிவிடுவேன் என்று சொல்லமாட்டேன்.
குறைக்கலாம்."

தெருவில் காற்று தொப்பியைப் பறித்துப் போனது.
துரத்தவில்லை, ஓடினால் தலை இடிக்கும்.
நடந்தே போய்
எடுத்துக்கொண்டாள்.